பேப்பர்ல மௌஸ் ஓடாது

ஹலோ... ஹலோ, ஷிஜினா? லே மக்கா, நான் பெபிஷா, ஆஃபீஸ்ல இருந்து. இரணியல் பிரஸ்ஸுக்குப் போய்ச் சேந்துட்டியா?... மெஷின் ஓட்டியாச்சா?... இல்லியா? மாதாவே, தப்பிச்சோம்! ஓட்டாத. ஓட்டாதன்னு அவியகிட்ட சொல்லு.

...ஆமா ஆமா, நாளைக்குக் காலைல இனயத்துல இருந்து மீன்புடி போட்டெல்லாம் கெளம்புது, எனக்குத் தெரியாதா? எங்க அண்ணன் ஆன்ட்ரூஸும்லா போறான். அதுக்குத்தான் சொல்லுகேன். கேளு...

போட்டுல வைக்குக அந்த வயர்லெஸ் செட்டுக்குள்ள புக்கு... ஆமா, வெப்சைட்டுக்கு எழுதினத அப்படியே புக்காக்கினோம்லா, அதேதான். டி.எஸ்.சி., வி.எச்.எஃப்.ன்னு வருக சுருக்கப் பேருக்கெல்லாம் அக்ரோனிம் டேக் போட்டோம். மௌச கொண்டு வச்சா விளக்கம் சின்னப் பெட்டியாட்டு மேல வரும்... ஆங், கம்ப்யூட்டர்ல வரும். பேப்பர்ல எங்கலே வரும்?

...சிரிக்காத. இன்னும் கேளு. நம்ம மேனேஜர் செல்வதாஸ் சார் புரூஃப கைல எடுத்து, டி.எஸ்.சி.க்கு அடில புள்ளிக்கோடு கெடக்குல்லா, அதுல விரல வச்சுட்டுப் பாத்துட்டே இருக்காரு. என்ன சாருன்னேன். ஒண்ணும் வரல்லியேங்காரு!... சத்தியமாட்டு! நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். பெறவுல்லா யோசிச்சேன். அம்புட்டுப் பேரும் மௌச வச்சுத்தான் திருத்தியிருக்கோம். ஒருத்தராவது பேப்பர்ல வாசிச்சோமா?... நீயும் இல்லல்லா. செரி செரி, இப்பம் சண்ட வேண்டாம்.

வழி இருக்கு மக்கா. பிரிண்டு எப்படி வரணும்னு சொல்லுக ஸ்டைல் ஷீட்டுல, டேக்குக்குள்ள கெடக்க விளக்கத்த அடைப்புக்குறி போட்டு எழுத்துக்குப் பக்கத்துல கொண்டு வரச் சொல்லிட்டேன்... ம்... ஐயோ, எல்லா இடத்துலயும் வந்தா புக்கு தலகாணி மாதிரி ஆயிருது. சட்டப் பையில கேறாது.

...முத தடவ மட்டுமா? ம்... ம்... அப்படித்தான் எல்லாரும் செய்வாவ... இல்லலே, நில்லு. கடசில அந்தச் செவப்புப் பக்கம் இருக்குல்லா, ஆபத்து வந்தா என்ன செய்யணும்னு. அத ஒருத்தன் எப்பம் வாசிப்பான்? போட்டுல தண்ணி ஏறும்போ வாசிப்பான். முதப் பக்கத்துல இருந்தா தொடங்குவான்?... அதான் சொல்லுகேன். டி.எஸ்.சி.ன்னா என்ன சவம்னு அவன் அங்க நின்னு முழிக்கப்பிடாது.

...எங்க அண்ணனா? நல்ல அறிவாளி! செட்டு வந்த அன்னைக்கு இதுல பாட்டு வராதான்னு கேட்டவன்!

செரி, முத தடவையும் வரட்டு, செவப்புப் பக்கத்துல எல்லா இடத்துலயும் வரட்டு... ம்? ஒரு பக்கம் கூடுதா?... கூட்ட முடியாதா? அப்பம் ஒண்ண எடு... எதயா? தொறந்ததும் யாருக்க படம் கெடக்கு?... ஆமாலே, சாருக்க வாழ்த்துரை. அத எடு.

...கேக்காம முடியாதா? இன்னா, பக்கத்துலதான் நிக்குகாரு. வைக்காத... சார், ஒங்க வாழ்த்துரைய எடுத்தா செவப்புப் பக்கத்துக்கு எடம் வரும் சார்... லே ஷிஜினு, முகம் மாறிட்டு. படத்த மட்டும் சின்னதாட்டு போடலாமாங்காரு... சார், எனக்கு ஒரே ஒரு அண்ணன்தான் சார்...

...ஹலோ, இருக்கியா? எடுக்கச் சொல்லிட்டாரு! ஆமாலே, சாரேதான் சொன்னாரு! போட்டோ வெப்சைட்டுல கெடக்குல்லா, போதும்ங்காரு!

மாத்தின புக்க மெயில்ல அனுப்பியாச்சு, தொற... வந்துட்டா? ஒரு புரூஃப் எடு. ஸ்கிரீனப் பாக்காத, பேப்பர கைல எடு. செவப்புப் பக்கத்த வாசி, சத்தமா வாசி... ம்... "டி.எஸ்.சி., அடைப்புக்குறி, ஆபத்துத் தகவலைத் தானே அனுப்பும் வசதி"... ம்... "மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானை அமுக்கவும்"... ம்... ம்... செரியாட்டு வந்திருக்கு.

...இல்லலே, அழல்ல. சந்தோசம். நேத்தெல்லாம் அவன் கடலுக்குப் போறத நெனச்சு ஒறங்கல்ல, இன்னைக்கு ஒறங்குவேன்.

ஓட்டச் சொல்லு மெஷின. கேட்டியா, புக்கெல்லாம் இனயத்துக்குக் கொண்டு போவும்போ எங்க அண்ணனுக்க புக்க மட்டும் நீயே அவன் கைல குடு. அந்தப் பக்கத்த ஒனக்க முன்னால வாசிக்கட்டு. வாசிக்காம நங்கூரத்த எடுக்கப்பிடாதுன்னு தங்கச்சி சொன்னாண்ணு சொல்லு... ஆமா, ஏசுவான். நல்லா ஏசட்டும், வாசிச்சுட்டு ஏசட்டும். செரி, போன வைக்குகேன்.