சுத்துக்கல்லு

— அப்ப நாளைக்குச் சுபஹ் தொழுதிட்டு வெளிக்கிடுவம், மதினி. ரெண்டு வள்ளம் போதும். கயிறு கட்டி மெல்ல இழுத்தா மத்த நாள் பின்னேரம் அசறுக்குள்ள சாய்ந்தமருதுக் கரையில ஏத்திரலாம்.

— ஜெமீல் மச்சான், கொஞ்சம் பொறுங்க. இழுக்க வேணாம் எண்டுதானே நான் வந்ததும் சொன்னன்.

— நீ படிச்ச புள்ள ஹிமாயா, இல்லெண்டு சொல்லல்ல. ஆனா இது ஒன்ட மீன் ஆராய்ச்சி இல்ல, கேட்டியா. அது என்ட கூடப்பொறந்த மிஹ்லார் காக்காட வள்ளம். போன மாரிக் காத்துல வள்ளத்தோட தொலைஞ்ச மனிசன். மையித்தும் கரையொதுங்கல்ல, ஒரு பலகைத் துண்டும் இல்ல. எங்கட உம்மா இன்னும் வாசலத் தொறந்து வெச்சிட்டுப் படுக்கிறா.

— மெல்லக் கதைங்க ரெண்டு பேரும். மாமி உள்ளுக்கு இப்பதான் கண்ணயந்திரிக்கா. ஹிமாயா, தங்கச்சி, நீ சொல்லு கா. என்ட புருசன்ட வள்ளம்தான் எண்டு எப்பிடித் தெரிஞ்ச?

— பேரு இருந்திச்சி ராத்தா. 'பறக்கத்' எண்டு. கவிண்டு கிடந்ததால எழுத்தெல்லாம் தலைகீழா. முதல்ல எனக்கு வாசிக்க வரல்ல. வாசிச்சாப் பிறகு படம் எடுத்தன்.

— எங்க கிடந்த?

— சுத்துக்கல்லுல. கடலுக்கடியில ஒரு மலை அது. ஊரளவு அகலம். உச்சி மட்டும் ரெண்டு மூணு பனை ஆழத்துல நிக்கிது. எங்கட கப்பல் மீன் குஞ்சு பாக்கத்தான் அங்க போன.

— அங்க நம்மட ஆக்கள் போற இல்ல மதினி. வலை போட்டா கல்லுல கிழியும். காக்கா தொலைஞ்ச நேரம் நாங்களும் நேவிக்காரனும் தெக்காலதான் தேடின. நீரோட்டம் தெக்காலதான் இழுத்த. கவிண்ட வள்ளம் ஓட்டத்தோடதானே போகும்?

— போகல்ல மச்சான். நங்கூரம் மலையில மாட்டிட்டு. உள்ளுக்கு மிதக்க வைக்கிற ரெஜிபோம் இருந்ததால தாழவும் இல்ல. அந்த இடத்துத் தண்ணியும் அப்பிடி. ஓட்டம் வந்து மலையில மோதி மேல எழும்பும். எழும்பி, உச்சியச் சுத்திச் சுத்தியே வரும். அதுக்குள்ள அம்பிட்டது லேசில வெளிய போகாது. குஞ்சுகளுக்கு அது தொட்டில் மாதிரி ராத்தா. நம்மட கரைக் கல்லுல பொரிச்ச குஞ்சுகள ஓட்டம் அள்ளிட்டுப் போயிரும். முக்காவாசி நடுக்கடல்ல அழிஞ்சி போகும். சுத்துக்கல்லுல அம்பிட்டதுகள்தான் தின்டு வளந்து, செட்டை பலத்தாப் பிறகு கரைக்குத் திரும்பும்.

— என்னத்தத் தின்னும்?

— ஆழத்துக் குளிர் தண்ணி மலையோட ஏறி வரும். அதோட வாற பாசி, கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ராத்தா... நீங்க என்னமோ நினைக்கிறீங்க.

— நான் ஒண்டும் நினைக்கல்ல. நீ சொல்லு கா.

— அதுகளுட வாய் ஊசிக் கண்ணு அளவுதான். வேற ஒண்டையும் தின்ன ஏலாது. சத்தியமா.

— ம்.

— நான் மாஸ்க் போட்டு இறங்கினன். வள்ளத்துட நிழலுக்குள்ள கொள்ளை கொள்ளையாக் குஞ்சு. பாரை, கலவாய், பேரு தெரியாதது. உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளுக்கு முள்ளும் தெரியிது. கண்ணு மட்டும்தான் கறுப்பு. ஒரு சத்தம் இல்ல. வள்ளம் மெல்லத் திரும்பினா அவ்வளவும் சேந்து திரும்புது. எல்லாம் என்னையே பாக்கிற மாதிரி. ஏறி வந்தும் எனக்குக் குளிர் போகல்ல. இழுத்தா மச்சான், அதுகளும் நிழலோட வெளிக்கிட்டு வரும். சுத்துத் தண்ணிய உட்டு வெளிய வந்தா பெரிய மீனுகள் நிக்கும். ஒண்டும் மிஞ்சாது.

— மீனுக்கு இரக்கப்படுறா. நல்லம். எங்கட உம்மாக்கு ஆரு இரக்கப்படுற? அடக்க ஒரு கபுறு இல்லாத மனிசன் எங்கட காக்கா. அந்த வள்ளம்தான் அவருக்குக் கபுறு, கேட்டியா. கரையில வெச்சா உம்மா பக்கத்துல இருந்து ஒரு யாசீனாவது ஓதுவா. மதினி, நீங்க சொல்லுங்க. ஒங்கட சொல்லுத்தான் எனக்கு.

— ஹிமாயா, என்னப் பாரு கா. மீனுக்காகத்தான் வேணாங்கிறியா?

— ஓம்.

— பொய் சொல்லக்குள்ள ஒனக்குக் குரல் இறங்கும். இப்ப இறங்கிட்டு.

— மீன் பொய்யில்ல ராத்தா. அதுவும் உண்மைதான்.

— அப்ப மத்த உண்மை என்ன?

— மதினி கேக்கிறாவே, சொல்லன் புள்ள.

— ஒன்ட ஃபோன இங்க தா. நீ எடுத்த படத்தப் பாக்கணும்.

— இந்தாங்க. இந்த ஒண்டு போதும், பேரு தெரியிது தானே. அங்கால தள்ளாதீங்க. ராத்தா, தள்ளாதீங்க எண்டு சொன்னன்!

— இது வள்ளத்துட அடியா?

— ஓம். மேல பாத்துக் கிடந்த பக்கம்.

— இந்தக் கீறல்?

— கல்லுல உரசியிருக்கும் மதினி.

— கல்லுல உரசினா அம்புக்குறி விழுமா ஜெமீல்?

— தாங்க பாப்பம். யா அல்லாஹ்...

— கவிண்ட வள்ளத்துக்கு மேல ஏறி இருந்து கத்தியால கீறியிரிக்காரு மச்சான். முதல் அம்புக்குப் பக்கத்துல 'கிப்லா' எண்டு எழுதியும் இரிக்கி. மஹ்ரிபு நேரம் சூரியன் இறங்கிற பக்கத்தப் பாத்துக் கீறியிருப்பாரு, இருட்டினாப் பிறகும் திசை மாறாமத் தொழ. ஆனா வள்ளம் சுத்திட்டே இருந்திச்சே. மத்த நாள் பாத்தா அம்பு வேற எங்கயோ காட்டுது. திரும்பக் கீறியிரிக்காரு. அதுக்கு மத்த நாளும். பாருங்க, அடி முழுக்க வட்டமா.

— அண்டைக்கே, அந்தக் காத்திலேயே முடிஞ்சி எண்டுதானே எல்லாரும் சொன்ன? ஒரு நிமிசத்துல போயிரிப்பாரு, வேதனை தெரிஞ்சிராது எண்டு நான்தானே உம்மாக்கிட்ட...

— மாரிதானே மச்சான். மழைத் தண்ணியக் குடிச்சி உசிரோட இருந்திரிப்பாரு.

— இதுக்காகவா இழுக்க வேணாம் எண்ட?

— மாமி கையால தடவிப் பாப்பாவே, ராத்தா. கரையில வெச்சா மாமி தடவிப் பாப்பா.

— நீ இதுகள எண்ணினியா?

— தொடங்கினன். ஏலல்ல. உட்டிட்டன்.

— மதினி, ஃபோன தாங்க. போதும். அங்க இருந்து பாத்தா கிப்லா நம்மட கரைப் பக்கம்தான். காக்கா கரையப் பாத்திட்டுத்தான் போயிரிக்காரு. அத மட்டும் நினைப்பம்.

— நான் எண்ணிட்டன் ஜெமீல், ஒரு நாளுக்கு ஒரு அம்பு. பள்ளியில மையித்து இல்லாமலே அவருக்குக் காயிப் ஜனாஸா தொழுத வெள்ளிக்கிழமையும் இதுக்குள்ள இரிக்கி. கடலுக்கு முதுகக் காட்டிட்டு ஊரே நிண்டு மவுத்தாகின ஆளுக்குத் தொழுத நேரம், அவரு அங்க உசிரோட, நம்மட பக்கம் பாத்துத் தொழுதிட்டு இருந்திரிக்காரு.