குத்திவிட்டு அழுகிறவன்

மண்ணூர்பேட்டையில் பஸ் ஏறிய இருவரில் தாடி வைத்தவர் உரக்கக் கேட்டார்: "குத்தப் போறவன் இன்னாத்துக்கு மச்சான் அழுவணும்?"

கம்பியைப் பிடித்து நின்ற பெண் சற்றுத் தள்ளிப் போனார். மாதா கோயில் திருவிழா நாடகத்தில் தாடிக்காரருக்கு ராஜாவைக் குத்துகிறவன் வேஷம் என்பது எனக்கே பிறகுதான் புரிந்தது.

"ராஜா மேல அவனுக்கு உசுரு," என்றார் மச்சான்.

"அப்புறம் எதுக்கு ஆள் சேத்துகினு குத்துறான்?"

"நாட்டுக்கு நல்லதுன்னு நெனைக்கிறான். பொறாமையும் கீது."

"நல்லவனா, கெட்டவனா? இப்டி ஒருத்தன் ஒலகத்துல இருப்பானா? அத்த வுடு. ஞாயித்துக்கெழம மீட்டிங்ல காலனித் தலைவர எறக்கிடணும். நம்ம தெரு மொத்தம் பேசி வெச்சிட்டேன்."

தாடிக்காரரின் போன் அடித்தது.

"தலைவரே! உங்களுக்கு ஆயுசு நூறு, இப்பதான் பேசிகினு இருந்தோம். ஞாயித்துக்கெழம பொன்னாடையா? நான்தான் போத்துவேன், வேற எவனும் போத்தக் கூடாது. நீங்க இல்லன்னா எங்களுக்கு யாரு கீறாங்க?"

குரல் நிஜமாகவே தழுதழுத்தது. போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சான் எழுந்தார். "வா, எறங்கி ஊட்டுக்குப் போலாம். உனக்கு ரிகர்சல் வாணாம்."