வாய்க்குள் முட்டை

சிங்கப்பூர் படகுக்காக ஜொகூர் துறையில் நின்றிருந்தோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு ஆயா வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தையோடு வழியனுப்ப வந்த அவன் திடீரென்று மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

“மெர்சிங் கடற்கரையில ஒரு மலாய்க்காரர் காட்டினாரு. பவளப்பாறைப் பொடிமீனு. முட்டையெல்லாம் அப்பன் மீனு வாயிலதான் இருக்கு.”

“தின்னுடுமா?”

“இல்ல. பொரியிற வரைக்கும் வாயிலயே வச்சுக் காப்பாத்தும்.”

“அப்ப எப்படிச் சாப்பிடும்?”

“சாப்பிடாது.”

“தாய் எங்க?”

“முட்டைய விட்டுட்டுப் போயிடும்.”

அவள் முகம் மாறியது. “என்னைக் குத்திக் காட்டுறீங்களா?”

“இல்ல புள்ள. பயப்படாம போயிட்டு வான்னு சொல்ல வந்தேன்.”

படகு வந்தது. ஏறப் போனவள் திரும்பினாள்.

“எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.”