கட்டாத கால்விரல்கள்

முதலில் தூரத்தில் ஷெல் குத்துகிற சத்தம். பிறகு கூவல். பிறகு மண் கொட்டுகிறது. அப்பா பங்கர் வாசலில் கிடக்கிறார். நெஞ்சில் ஒரு துளைதான். எனக்கு ஆறு வயது. அம்மாவின் இடுப்பில் தம்பி, கைக்குழந்தை.

"விட்டிட்டு ஓடி வாங்கோ!" யாரோ கத்துகிறார்கள்.

அம்மா ஓடவில்லை. சேலைக் கரையைக் கிழிக்கிறாள். அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுகிறாள். செத்தவருக்குச் செய்ய வேண்டியது அது. அடுத்த ஷெல் தென்னையில் விழுந்தது. முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் எழுந்தாள். அவ்வளவு பிடிவாதக்காரி.

அதன்பின் கடல். மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு சின்னப் படகு, அளவுக்கு மேல் ஆட்கள். பிள்ளைகள் அழுதால் நேவிக்குக் கேட்டுவிடும். தாய்மார் எல்லோரும் பாணி மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். எனக்கும் அம்மா மூடியில் ஊற்றித் தந்தாள். இனித்தது. என்ஜின் இரைகிறது. காலடியில் தண்ணீர் ஏறுகிறது. படகோட்டி கத்துகிறான்: "பாரம் கூட! ஆக்களைக் குறையுங்கோ!" அம்மாவின் மடியில் கிடந்து நான் கேட்ட கடைசிச் சத்தம் அது.

கண் விழித்தேன். வெயில். மணல். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள ஆளில்லாத தீவு. சங்கு குளிக்கப் போன சிலுவை என்பவர் என்னைத் தூக்கி வந்து வளர்த்தார். சிலுவையப்பா என்பேன். கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்வார்: மருந்து மயக்கத்தில் நீ செத்துவிட்டாய் என்று நினைத்து உன் அம்மா விட்டுப் போய்விட்டாள்.

அதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கதை. பிள்ளையைக் கோயில் வாசலில் விட்டுப்போன தாய், கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்து அழுவாள். டீச்சர் அவளைப் பேய் என்றார். வகுப்பே ஆமாம் போட்டது. நானும் போட்டேன். என் அம்மா அந்தக் கணக்கில் சேரவில்லையே. கதை எழுதுகிறவர்களுக்கு மட்டும் திரும்பி வருகிற தாய் எப்படியோ கிடைத்துவிடுகிறாள்.

போன மழைக்காலத்தில் சிலுவையப்பா பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் ஒரு சாவு. நர்ஸ் கட்டுத்துணியால் கால்விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். எனக்கு அந்தச் சேலைக் கரை ஞாபகம் வந்தது. தீவில் என் கால்விரல்கள் கட்டப்பட்டிருந்தனவா என்று அவரிடம் கேட்டேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னார்.

"இல்லளா. தலமாட்டுல தண்ணி பாட்டில் இருந்துச்சு. மூடிய ஒங்கம்மா திருகி லூசாக்கி வச்சிருந்தா. சின்னக் கைக்குத் தொறக்க வரணும்லா."

ஷெல்லுக்கு நடுவிலும் முடிச்சுப் போட்டவள் எனக்குப் போடவில்லை. எனக்கு உயிர் இருப்பது அவளுக்குத் தெரியும். விழித்ததும் தாகம் எடுக்கும் என்பதும் தெரியும். படகின் பாரம் குறைக்க, தம்பியை வைத்துக்கொண்டு என்னை இறக்கினாள். கோபம் வருகிறது. அந்த மூடியைத் திருகிய விரல்களை நினைத்தால் அழுகையும் வருகிறது. கேட்க ஆள் இல்லை. அந்தப் படகு எந்தக் கரையிலும் ஏறியதாகத் தகவல் இல்லை.

போனவை இவை. ஷெல்லில் அப்பா. கடலில் அம்மா. பல் முளைக்காத தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பாத சிலுவையப்பா. கூடவே, அவர் சொல்லி வந்த அந்த ஒரு பொய். அது இருந்தவரை அம்மாவை மன்னிக்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை.