சுபநேரத்துல வாய் திறந்த கம்பியூட்டர்கள்

சத்தியம் தம்பி, மாமாங்கேஸ்வரர் ஆணை, இந்த வாவித் தண்ணியத் தலையில தெளிச்சிச் சொல்றன், இதுல ஒரு சொல்லும் பொய்யில்ல. ஏன் சிரிக்கிறீங்க? அந்தத் தேத்தண்ணிக் கடையில ஆரோ என்னப் பத்திச் சொல்லியிருப்பானுகள். முதலைக்கு நான் வெத்திலை மடிச்சிக் குடுத்த கதை வேற. அதுல ஒள்ளுப்போல, கொஞ்சமாக் கூட்டியிருப்பன். இது சுலோஜனாட கதை. ஓம், நீங்க மண்டூருக்குத் தேடிப் போற அதே புள்ளதான். அவசரப்படாதீங்க, பாதைப் படகு இன்னும் அந்தக் கரையில ஆள் ஏத்திக்கொண்டு நிக்குது. இந்தக் குத்தியில குந்துங்க.

விஜிதரனச் சந்திச்சிட்டுத்தான வாறீங்க? அதான், டவுண்ல கம்பியூட்டர் நிலையம் நடத்துறவன். என்ன சொன்னவன்? அந்தப் புள்ள சதி செஞ்சிட்டுது எண்டா? சதிதான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. எப்பிடிப்பட்ட சதி எண்டு கேளுங்க.

அவன்ட நிலையத்துலதான் சுலோஜனா வேலை செஞ்சவ. பள்ளிக்கூடங்களுக்குக் குடுக்கிற கம்பியூட்டர் முழுக்கத் தமிழ்ல ஓடணும், எழும்பின உடன புள்ளைகளோட தமிழ்ல கதைக்கணும் எண்டு உங்கட ஆக்கள்தான திட்டம் கொண்டு வந்தீங்க? அதுக்கு ஒப்பரேட்டிங் சிஸ்டத்த ஒரே இமேஜா, எல்லா மெசினுலயும் அப்பிடியே ஏத்துற அச்சு மாதிரி, கட்டிக் குடுக்கணும். கட்டினவ அவ. எப்பிடி? ஒரு மெசினுக்குள்ள இன்னொரு மெசின். வேர்ச்சுவல் மெசினாம். இரும்பும் இல்ல, வயரும் இல்ல, ஆனா அதுக்குள்ள ஒரு சிஸ்டம் எழும்பி ஓடும். விதை நெல்ல வட்டைக்குக் கொண்டுபோக முந்தி ஒரு சிரட்டையில முளைக்கப் போட்டுப் பாப்பமே, அந்த மாதிரி. கருகினாச் சிரட்டையோட போச்சி, வயலுக்கு ஒண்டுமில்ல. அவ கட்டுவா, ஓடவிடுவா, உடையும், ஒரு தட்டுல நேத்து இருந்த நிலைக்கே திருப்பிக் கொண்டு வருவா, மறுகா கட்டுவா. வாழ்க்கைக்கும் அப்பிடி ஒண்டு இருந்திருந்தா நான் மூணு கலியாணம் முடிச்சிருப்பன்.

எல்லாம் சரியா ஓடக்குள்ளதான் விஜிதரன் கைவச்சான். திரையில ஒரு மூலையில சின்னதா அவட பேர் இருந்திச்சி. அத அழிச்சிட்டுத் தன்ட பேரப் போடச் சொன்னான். ஏன் சேர் எண்டு கேட்டா. அவன் அவ்வளவு பேருக்கு முன்னால சொல்றான்: யோசிச்சது நான், தட்டினது நீ. டைப் அடிச்சவட பேர ஆரும் புத்தகத்துல போடுவானா?

சுத்தி இருந்ததுகள் எல்லாம் போனைப் பாத்துக்கொண்டிருந்திச்சிகள். நானும் அந்தக் கதவடியில நிண்டன். அவ அழல்ல தம்பி. தன்ட கைவிரலைக் குனிஞ்சி பாத்தா, அவ்வளவுதான். அந்த நேரம் நெஞ்சு அடுப்பு மாதிரி எரிஞ்சதாம், ஆனா வாய் தன்பாட்டுல சொல்லிச்சாம்: சரி சேர், கடைசியா ஒருக்காத் திருத்தித் தாறன், உங்கட பேர் நல்லாப் பெரிசா வரும்.

திருத்தினா. என்ன திருத்தினா எண்டா, எழும்பின உடன சிஸ்டம் ஒரு கேள்வி கேக்கும்: நான் நெச மெசினுக்குள்ளயா, பொய் மெசினுக்குள்ளயா? அதுக்கு அது விளங்குமாம். பொய் மெசின் எண்டா ஒரு வரவேற்பு. நெச மெசின் எண்டா வேறொண்டு.

விஜிதரன் வேர்ச்சுவல் மெசின்ல போட்டுப் பாத்தான். திரை நிறைய அவன்ட பேர். திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தான், வேலைக்கு இல்ல, பேரப் பாக்க. ரதீஸ் எண்டு அங்க வேலை செய்யிற பொடியன் சொல்லியிருக்கான், நெச மெசின் ஒண்டுலயும் ஏத்திப் பாப்பமே எண்டு. விஜிதரன் பாஞ்சி விழுந்தான். சுபநேரத்துக்கு முந்திப் புது மெசினுக்குக் கரண்ட் குடுக்கிறதா? அவன் அப்பிடித்தான். காத்தான்குடியில புது மோட்டார் சைக்கிள் வாங்கிப்போட்டு, நேரம் சரியில்ல எண்டு ஸ்டார்ட் பண்ணாம அமிர்தகழி வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தவன். பின்னால தள்ளினவனுக்கு இண்டைக்கும் முதுகு நிமிராது. இது சுலோஜனாக்குத் தெரியாதா? அத நம்பித்தான் அவ அந்தக் கேள்விய வச்சவ.

விழா அண்டைக்கு மண்டபத்துல மெசின் எல்லாம், அந்த இமேஜ் ஏத்தின பென்டிரைவ் செருகி, மாலை போட்டு வரிசையா நிக்குது. பால் பொங்கிச்சி. பிரதம விருந்தினர் பொத்தானை அமத்தினார். எல்லா மெசினும் ஒரே நேரத்துல எழும்பி, ஒரு கிழவன்ட குரல்ல கதைக்குதுகள்: இதக் கட்டினவ மண்டூர் சாமித்தம்பிட மகள் சுலோஜனா. விஜிதரன் செஞ்சது பேர மாத்தினது மட்டும்.

விஜிதரன் ஓடி ஓடி வயரப் புடுங்கினான். திருப்பிக் குடுத்தா அதே குரல். எங்கட நிலையத்துல சரியா ஓடினது எண்டு கத்தித் தன்ட லப்டொப்பத் திறந்து பெரிய திரையில காட்டினான். அதுக்குள்ள வேர்ச்சுவல் மெசின்ல, ஓம், அவன்ட பேர்தான். சபூரா எண்டொரு டீச்சர் முன்வரிசையில இருந்தவ. அவ அமைதியாக் கேட்டா: அப்ப பொய் மெசின்ல உங்கட பேரும், நெச மெசின்ல அந்தப் புள்ளட பேரும் வருது, அப்பிடித்தான தம்பி?

மண்டபம் சிரிச்ச சிரிப்புல ஓடு பறந்திச்சி. சரி, ஓடு பறக்கல்ல. ஆனா சிரிச்சாங்க. சுலோஜனா சிரிக்கல்ல. நல்ல சீலை உடுத்திக்கொண்டு பின்வரிசையில இருந்தவ, எழும்பி அவன்ட பக்கத்துல போய்ச் சொன்னா: சேர், சுபநேரம் இன்னும் கிடக்கு. இன்னொருக்கா அமத்திப் பாருங்க.

இல்ல, மெசினுக்கு ஒரு கெடுதலும் இல்ல. அந்த ரெண்டு வசனத்தயும் சொல்லிப்போட்டுப் பூப்போல ஓடுது. அது அவ பெத்த புள்ள மாதிரி, கெடுப்பாவா?

இப்ப நீங்க சொல்லுங்க. உங்கட ஆக்கள் ஆர்ட பேரப் போடப்போறாங்க? அவடயா? கையடிச்சிச் சொல்லுங்க. நல்லம். அதச் சொல்லத்தான் போறீங்க எண்டா நான் மறிக்கல்ல. கோயிலடியில சாமித்தம்பிட வீடு எண்டு கேளுங்க, காட்டுவாங்க.

என்ன? அந்தக் குரலா? முதல்ல அவ தன்ட குரல்லதான் பதிஞ்சவ. ஆத்திரத்துல நடுங்கிச்சி. நடுங்காத குரல் ஒண்டு வேணும் எண்டா. வேற ஆரு, நான்தான். அவ தயங்கினவ, வேணாம் ஐயா, உங்களுக்கு அவர் எப்பிடியும்... எண்டு. நான் மைக்க இழுத்து வாய்க்கிட்ட வச்சிட்டன். அவ விரலப் பாத்தத நான் பாத்திட்டனே தம்பி.

விஜிதரனுக்குக் குரல் விளங்காம இரிக்குமா? விளங்கினதுதான். ஆனா இந்தக் காலத்துல மெசின் எவன்ட குரலயும் செய்யுமாம், அவனே எனக்குப் பாடம் எடுக்கிறான். பாவம் அப்பா, உங்கட குரலயும் களவெடுத்திட்டாள் எண்டு சொல்லி, இண்டைக்கு இறால் வாங்கிக்கொண்டு வாறானாம்.

அந்தா பாதைப் படகு வந்திட்டு, ஏறுங்க. ஆரு சொன்னது எண்டு எவன் கேட்டாலும் என்னச் சொல்லிராதீங்க மனே. ராச்சோறு எனக்கு என்ட மகன்ட வீட்டுலதான்.