கயிறு பிடிக்க ஒரு மச்சான்

திரேஸ்புரம் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் சங்கு குளிக்கும் இருவர் ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். இளையவருக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள்.

“கல்யாணத்துல நல்லதுன்னு பாத்தா ஒண்ணுதாம்ணே. மச்சான் கெடைப்பான்.”

சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அது பெரிய விசயம்லா! நாம கடலுக்கடியில கெடக்கும்போது, மேல கயிறு புடிக்கிறவன் மச்சான்னா, தங்கச்சி தாலிய நெனச்சாவது கைய விட மாட்டான்.”

“மத்ததெல்லாம் தொல்லைதாம்ணே. நெனச்ச நேரம் வர முடியாது, போவ முடியாது. மச்சானுக்காவ பொறுத்துக்கிடலாம்னு பாத்தா, இந்தப் பிள்ளைக்குக் கூடப்பொறந்தவனே கெடையாது.”

“வேண்டாம்னுட்டியாலே?”

“சொல்லத்தான் போனேன். அவ வெவரத்தக் கேட்டுட்டு, ‘வள்ளத்துல நான் வாரேன், கயித்த எங்கிட்ட குடுங்க’ன்னா.”

“நீச்சல் தெரியுமாலே அவளுக்கு?”

“அதையும் கேட்டேன். ‘முங்குறது நீங்கதான? எனக்குக் கயித்த விடாம இருக்கத் தெரியும்’னுட்டா.”

மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“எம் மச்சான் கயித்தப் புடிச்சிக்கிட்டே தூங்குவாம்லே. நீ போயி தேதியக் குறி.”