பேராசிரியர் பேச வருகிறார்

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பீடோங் கடைத்தெருவில் உப்புக்காக வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண் சத்தமாகவே சொன்னாள்:

"போன மாசம் சொற்பொழிவு கேக்கப் போன என் கொழுந்தன் இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கான் போல. வீடு வந்து சேரல."

அவள் வேலை செய்யும் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அடுத்து வரும் கூட்டங்களை வரிசையில் நின்றவர்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை சுகாதாரத்தப் பத்திப் பேச்சு. சனிக்கிழமை ஜப்பான் பாஷை வகுப்பு. பெரிய பேராசிரியர் வர்றாரு. ஆம்பளைங்க எல்லாரும் வந்துடணும்."

"பேராசிரியரு லாரியிலயா வர்றாரு, ஐயா?"

"லாரி நாற்காலி ஏத்திக்கிட்டு வரும்மா."

"போறப்ப நாற்காலிய விட்டுட்டு ஆளுங்கள ஏத்திக்கும். சயாம்ல ரயில் ரோடு போடவும் பாடம் நடக்குதாம் லா. நல்லாப் படிக்கிறவன் திரும்பியே வர்றதில்லையாம்."

சிலர் சிரித்தார்கள். கிராணி சிரிக்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன் வீட்டுக்காரன வெள்ளிக்கிழமை காட்டுக்குள்ள போயிடச் சொல்லு. மத்த பொம்பளைங்ககிட்டயும் சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

அவ்வளவு நேரம் கேலி பேசியவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்களும் கிழவர்களும் மட்டுமே வந்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பேராசிரியர் கைகழுவும் முறையைப் பற்றி நெடுநேரம் பேசினாராம். அவ்வளவு தூரம் வந்த லாரி வெறுமனே திரும்பலாமா? கிராணியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.